ஸ்டார் வார்ஸ் காமிக்ஸை வரிசை தவறாமல் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சேலத்தில் எங்கள் வாசிப்புக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்டார் வார்ஸ் படங்களைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர்கள். அப்படிப்பட்டவர்களே காமிக்ஸில் கை வைத்ததும் மூன்றாவது புத்தகத்தில் தடுமாறி நிற்கிறார்கள். ஆங்கிலமும் படங்களும் அவர்களுக்குத் தடை அல்ல. எந்தப் புத்தகத்துக்குப் பின் எந்தப் புத்தகம் என்பதை அட்டை சொல்வதில்லை. தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. மார்வெல் நிறுவனம் 2015 முதல் வெளியிட்டுவரும், படங்களின் கதையோடு அதிகாரபூர்வமாக இணைந்த காமிக்ஸை எந்த வரிசையில் படிக்கலாம் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. படங்களை முதலில் முடித்துவிடுங்கள்

இந்தக் காமிக்ஸ் படங்களுக்கு மாற்று அல்ல. இரண்டு படங்களுக்கு நடுவே என்ன நடந்தது என்பதைத்தான் இவை சொல்கின்றன. நீங்கள் படம் பார்த்திருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத்தாளர் எழுதுகிறார். லூக் யார், வேடர் யார் என்று எவரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்.

குறைந்தபட்சம் ஆறு படங்கள் வேண்டும்: 1977, 1980, 1983 ஆண்டுகளில் வந்த மூன்று, 1999, 2002, 2005 ஆண்டுகளில் வந்த மூன்று. அவற்றோடு 'ரோக் ஒன்' (2016), 'சோலோ' (2018) இரண்டையும் பார்த்துவிடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் கிளைக்கதை என்று தள்ளிவைக்கிறார்கள். காமிக்ஸோ இவற்றின் மீதுதான் நிறையக் கட்டுகிறது. 'ரோக் ஒன்' படத்தில் வரும் ஜெடா நகரத்துக்கு அந்தப் படத்துக்குப் பின் என்ன ஆயிற்று என்பது 2015இல் தொடங்கிய முதன்மைத் தொடரான 'ஸ்டார் வார்ஸ்' காமிக்ஸின் 38ஆவது இதழில் தொடங்குகிறது. 'சோலோ' படத்தின் கீரா 2021 காமிக்ஸில் திரும்பி வருகிறாள். படத்தைப் பார்க்காதவருக்கு அந்தப் பக்கத்தின் அதிர்ச்சி சிறிதும் எட்டாது.

அனிமேஷன் தொடர்கள் உடனே தேவையில்லை. இரண்டு புத்தகங்களுக்கு மட்டும் அவை கட்டாயம். அதை 9ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. எந்த இடைவெளி வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஸ்டார் வார்ஸ் உலகில் ஆண்டுக் கணக்கு யாவின் போரிலிருந்து தொடங்குகிறது. முதல் படத்தின் முடிவில் டெத் ஸ்டார் வெடித்துச் சிதறுகிற அந்தப் போர்தான் பூஜ்யம். 'ஃபாண்டம் மெனஸ்' அதற்கு 32 ஆண்டுகள் முன்பு, 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' 19 ஆண்டுகள் முன்பு. 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' 3 ஆண்டுகள் பின்பு, 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' 4 ஆண்டுகள் பின்பு, 'ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' 34 ஆண்டுகள் பின்பு.

இந்த எண்களைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஓர் ஆசை வருகிறது: மிகப் பழைய காலத்திலிருந்து தொடங்கி வரிசையாக வந்துவிடலாம் என்று. அஸ்தம்பட்டியிலிருந்து வரும் கல்லூரி மாணவர் ஒருவர் அப்படித்தான் 2021இல் தொடங்கிய 'ஹை ரிபப்ளிக்' தொடரை எடுத்தார். அது ஃபாண்டம் மெனஸுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பு நடக்கும் கதை. யோடாவைத் தவிர அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கதையின் பாதி நாவல்களில் ஓடுகிறது. முதல் தொகுப்போடு மூடி வைத்துவிட்டார்.

கதை நடக்கும் காலம் ஒன்று, படிக்க வேண்டிய வரிசை வேறொன்று. தொடங்க ஏற்ற இடம் 1977 படத்துக்கும் 1980 படத்துக்கும் நடுவிலுள்ள மூன்று ஆண்டுகள். நமக்கு நன்றாகத் தெரிந்த ஆட்கள், தெரிந்த பகை, முடிவும் ஓரளவு தெரியும். புதிய பாத்திரங்கள் ஒவ்வொருவராக அறிமுகமாகும்போது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கும்.

3. அதிகாரபூர்வக் கதை எது என்று பிரித்தறியுங்கள்

2014 ஏப்ரல் 25 அன்று, படங்களின் தயாரிப்பு நிறுவனமான லூகாஸ்ஃபிலிம் ஒரு கோடு கிழித்தது. அதுவரை வந்த நாவல்களும் காமிக்ஸும் 'லெஜண்ட்ஸ்' என்ற தனிப் பெயருக்குள் போயின. அவை இனிப் படங்களைக் கட்டுப்படுத்தாது. அப்போதிருந்த ஆறு படங்களும் 'தி குளோன் வார்ஸ்' அனிமேஷனும் மட்டுமே அசைக்க முடியாதவையாக நின்றன. அதற்குப் பின் வந்த காமிக்ஸ் பெரும்பாலும் அந்தக் கதையின் பகுதி.

கேட்க எளிதாக இருக்கிறது. கடையில் அவ்வளவு எளிது அல்ல. பதிப்பகத்தின் சின்னத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. மார்வெல் 1977 முதல் 1986 வரை 107 இதழ்கள் வெளியிட்டது, அவை லெஜண்ட்ஸ். 1991இலிருந்து டார்க் ஹார்ஸ் என்ற இன்னொரு பதிப்பகம் வெளியிட்டவையும் லெஜண்ட்ஸ்தான். ஆனால் அந்த டார்க் ஹார்ஸ் கதைகளை இப்போது மார்வெலே தன் சின்னத்தோடு மறுபதிப்பாக விற்கிறது. இன்னொரு பக்கம், டார்க் ஹார்ஸ் 2014இல் வெளியிட்ட 'டார்த் மால்: சன் ஆஃப் டதோமிர்' அதிகாரபூர்வமானது, ஏனென்றால் அது படமாக்கப்படாமல் நின்றுபோன குளோன் வார்ஸ் திரைக்கதைகளிலிருந்து உருவானது. ஆகவே சின்னத்தை நம்பாதீர்கள்.

நம்ப வேண்டியவை இரண்டு. அட்டையில் 'லெஜண்ட்ஸ்' என்ற பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உள்பக்கத்தில், கதை முதலில் இதழாக வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். தொகுப்பு அச்சான ஆண்டைப் பார்த்துப் பயனில்லை. 1991இன் கதை 2021இன் தாளில் வரும்.

லெஜண்ட்ஸ் மட்டம் என்று நான் சொல்லவில்லை, சில கதைகள் அருமையானவை. அவற்றை நடுவில் கலந்து படித்தால், இறந்தவர் மறு புத்தகத்தில் உயிரோடு உலவுவார். அதனால்தான் விலக்கி வைக்கச் சொல்கிறேன். படங்களை அப்படியே வரைந்து தருகிற தழுவல் காமிக்ஸையும் தவிருங்கள். கதை அதிகாரபூர்வம்தான், ஆனால் புதிதாக ஒன்றும் கிடைக்காது, காசுதான் போகும்.

4. தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்

வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்துத் தலைப்பு, தொடங்கிய ஆண்டு, இதழ் எண்கள் என்று மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர் எவரும் தப்பியதாக எனக்கு நினைவில்லை.

காரணம், 'டார்த் வேடர்' என்ற பெயரில் மட்டும் மார்வெலிடம் மாதந்தோறும் வந்த தொடர்கள் மூன்று இருக்கின்றன. 2015இல் தொடங்கியது, எழுதியவர் கீரன் கில்லன், 25 இதழ்கள். 2017இல் தொடங்கியது, எழுதியவர் சார்லஸ் சோல், அதுவும் 25 இதழ்கள். 2020இல் தொடங்கியது, எழுதியவர் கிரெக் பாக், 50 இதழ்கள். மூன்றிலும் 'முதல் தொகுதி' உண்டு. மூன்றின் அட்டையிலும் அதே கறுப்பு முகமூடி. மூன்றும் நடப்பதோ மூன்று வெவ்வேறு காலங்களில். ஆண்டைச் சொல்லாமல் இரவல் கேட்டால் எந்தத் தொடர் வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதன்மைத் தொடரான 'ஸ்டார் வார்ஸ்' தலைப்புக்கும் இதே கதி: 2015இல் தொடங்கிய 75 இதழ்கள் தனி, 2020இல் தொடங்கிய 50 இதழ்கள் தனி.

தொகுதி எண்ணைவிட இதழ் எண் முக்கியம். இது ஏன் என்பது 7ஆம் பகுதியில் விளங்கும்.

5. வாங்குவது

சேலத்துக் கடைகளில் தேடி அலைவதால் பயனில்லை; அரிதாக ஒன்றிரண்டு தொகுப்புகள் கண்ணில் படும், அவையும் தொடரின் நடுவிலிருந்து இருக்கும். பெரும்பாலோர் இணையத்தில் வரவழைக்கிறார்கள். பெங்களூரு போகிறவர்கள் சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளை ஒரு நடை பார்த்து வரலாம். கையில் அந்தத் தாள் இருக்கட்டும். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்ற மகிழ்ச்சியில் ஆண்டு மறந்துவிடும்.

இதழ் இதழாகச் சேர்க்காதீர்கள். ஓர் இதழில் கதை இருபது பக்கம் அளவில்தான் இருக்கும். இங்கே இருந்துகொண்டு வரிசை விடாமல் சேர்ப்பது நடக்காத காரியம். ஐந்தாறு இதழ்களைக் கட்டிய மென் அட்டைத் தொகுப்புகளே முதல் வாசிப்புக்கு ஏற்றவை. 'ஆம்னிபஸ்' என்னும் தடித்த கெட்டி அட்டைத் தொகுப்பு பார்க்க அழகு, மடியில் வைத்துப் படிக்கக் கனம்.

மார்வெல் அன்லிமிடெட் செயலியில் சந்தா கட்டிப் படிப்பது இன்னொரு வழி. புதிய இதழ்கள் அங்கே சில மாதங்கள் தாமதமாக வரும். பழையவற்றைப் படிக்கப் போகிறவருக்கு அது ஒரு குறையே அல்ல. இதழ்களை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருக்கும் நண்பர் சேலம் வரும்போதெல்லாம் இறக்கிக்கொண்டு போகிறார், மேலே சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பதால். ஆனால் பஸ்ஸில் படித்துக்கொண்டே மலை ஏறலாம் என்று நினைக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, வயிறு தாங்காது.

6. முதல் ஐந்து புத்தகங்கள்

2015இன் 'ஸ்டார் வார்ஸ்' (எழுத்து ஜேசன் ஆரன், தொடக்க ஓவியம் ஜான் கேசடே), அதே ஆண்டின் 'டார்த் வேடர்' (எழுத்து கீரன் கில்லன், ஓவியம் சால்வடோர் லரோக்கா) இரண்டையும் ஒன்றாகவே படிக்க வேண்டும். ஒன்று கிளர்ச்சியாளர்களின் பக்கம், மற்றொன்று வேடரின் பக்கம். ஒரே நிகழ்ச்சிகளை இரு திசைகளிலிருந்து பார்க்கும்படி இரு எழுத்தாளர்களும் பேசி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

தொகுப்பாகப் படிப்பவர்களுக்கு வரிசை இது: ஸ்டார் வார்ஸ் முதல் தொகுதி (1 முதல் 6), டார்த் வேடர் முதல் தொகுதி (1 முதல் 6), ஸ்டார் வார்ஸ் இரண்டாம் தொகுதி (7 முதல் 12), டார்த் வேடர் இரண்டாம் தொகுதி (7 முதல் 12), பிறகு 'வேடர் டவுன்'.

ஸ்டார் வார்ஸ் முன்னால் வரவேண்டிய காரணம் எளியது. அதன் முதல் மூன்று இதழ்களில் சைமூன் என்ற நிலவிலுள்ள ஆயுத ஆலையில் நடக்கும் மோதலின் விளைவோடுதான் டார்த் வேடர் முதல் இதழ் திறக்கிறது. டெத் ஸ்டாரை இழந்தவன், இப்போது ஆலையையும் இழந்தவன். பேரரசர் அவனைத் தாழ்த்துகிறார். முன்னதைப் படிக்காதவருக்கு இந்த அவமானம் வெறும் வசனமாகத் தோன்றும்.

செயலியில் படிக்கிறவர்கள் இன்னும் நுணுக்கமாகப் பின்னலாம்: ஸ்டார் வார்ஸ் 1 முதல் 3, டார்த் வேடர் 1, பிறகு மாறி மாறி. இரண்டின் 6ஆவது இதழ்களும் ஒரே நேரத்தில் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். போபா ஃபெட் வேடரிடம் ஒரு பெயரைச் சொல்கிறான். அந்தக் காட்சி இரண்டிலும் வருகிறது. முதலில் ஸ்டார் வார்ஸ் 6, அடுத்து டார்த் வேடர் 6. திருப்பிப் படித்தால் விரிவான காட்சி முன்னால் வந்து, சுருக்கமான காட்சி சப்பென்று ஆகிவிடும்.

7ஆவது இதழில் புதியவர்கள் ஒரு தடவை நின்றுவிடுகிறார்கள். லூக் எங்கே, ஹான் எங்கே, திடீரென்று டாட்டூயினில் கெனோபி ஏன் ஒளிந்து வாழ்கிறார்? முந்தைய இதழில் லூக் கையில் கிடைத்த கெனோபியின் நாட்குறிப்பிலிருந்து வரும் கதை அது. 15, 20 ஆகிய இதழ்களும் அந்த வகை. ஓவியரும் மாறுவார். பக்கம் மாறிக் கட்டிவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

7. காணாமல் போன இதழ்கள்

"அண்ணா, ஸ்டார் வார்ஸ் இரண்டாம் தொகுதி 12இல் முடிகிறது, மூன்றாம் தொகுதி 15இல் தொடங்குகிறது. 13, 14 இரண்டையும் அச்சிடாமல் விட்டுவிட்டார்களா?" இந்தக் கேள்வி ஏறக்குறைய எல்லோரிடமிருந்தும் வருகிறது.

விடவில்லை. அவை 'வேடர் டவுன்' என்ற தனித் தொகுப்பில் இருக்கின்றன. இரண்டு தொடர்களும் ஆறு பாகங்களுக்கு ஒன்றாகக் கலந்துவிடுகிற கதை அது. வரிசை: வேடர் டவுன் 1, டார்த் வேடர் 13, ஸ்டார் வார்ஸ் 13, டார்த் வேடர் 14, ஸ்டார் வார்ஸ் 14, டார்த் வேடர் 15. தொகுப்பில் இவை முறையாகவே அடுக்கப்பட்டிருக்கும். செயலியில் படிப்பவர்தான் ஒவ்வொன்றாகத் தாவ வேண்டும். ஒரு தொடரின் இதழ்களை மட்டும் படித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு முறையும் சண்டையின் பாதியில் இறங்குவீர்கள்.

தொகுதி 2, தொகுதி 3 என்று எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் இதைத் தவறவிடுகிறார், ஏனெனில் வேடர் டவுனின் முதுகில் தொகுதி எண் கிடையாது. இதே பள்ளம் பின்னாலும் வரும். ஸ்டார் வார்ஸ் ஐந்தாம் தொகுதி 30இல் முடிந்து ஆறாம் தொகுதி 33இல் தொடங்கும். இடையிலுள்ள 31, 32 இரண்டும், டாக்டர் ஆஃப்ரா தொடரின் 7, 8 இரண்டும் 'தி ஸ்க்ரீமிங் சிட்டடெல்' தொகுப்பில் உள்ளன. தாளில் இதழ் எண்களை எழுதச் சொன்னது இதற்காகத்தான்: எண் தாவினால் உடனே கண்ணில் படும்.

8. பக்கத்தைப் படிக்கும் விதம்

முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குக் கட்டங்களின் ஓட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை. இரும்புக்கை மாயாவிக்குப் பழகிய கண்ணுக்கு இங்கே இரண்டு விஷயங்கள் புதியவை.

ஒன்று, ஒவ்வொரு இதழின் தொடக்கத்திலும் படத்தில் மேல்நோக்கி நகரும் மஞ்சள் எழுத்துகளைப் போல ஒரு முன்கதைப் பக்கம் வரும். அலங்காரம் என்று தாண்டிவிடாதீர்கள். இரண்டு தொடர்களை மாற்றி மாற்றிப் படிக்கும்போது, இப்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்று நினைவூட்டுவது அந்தப் பத்து வரிகள்தான்.

மற்றொன்று மௌனம். கில்லனின் வேடர் அதிகம் பேச மாட்டான். மனதில் நினைப்பதைக் காட்டும் குமிழிகளும் கிடையாது. அவன் என்ன நினைக்கிறான் என்பது முகமூடியின் கோணத்திலும், நடுவே மின்னி மறையும் பழைய நினைவுக் கட்டங்களிலும் இருக்கிறது. எழுத்தை மட்டும் துரத்துகிறவர் ஓர் இதழை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்கிறார். வசனமில்லாத பக்கங்களில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். செயலியில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி உண்டு. சிறிய திரைக்கு அது உதவும், ஆனால் இரண்டு பக்கம் விரிந்த ஓவியம் வரும்போது அதை அணைத்துவிட்டு முழுப் பக்கத்தையும் பாருங்கள்.

9. வேடர் டவுனுக்குப் பிறகு

ஸ்டார் வார்ஸ் மூன்றாம் தொகுதி 'ரெபல் ஜெயில்' அடுத்தது. அதன் பின் டார்த் வேடரின் மூன்றாம், நான்காம் தொகுதிகளைச் சேர்த்து முடித்துவிடுங்கள். 25ஆவது இதழில் அந்தத் தொடர் நிறைவடைகிறது. இங்கே ஒரு கண்டிப்பான விதி: அதை முடிக்கும்வரை 2016இன் 'டாக்டர் ஆஃப்ரா' தொடரைத் தொடாதீர்கள். தொல்பொருள் திருடியான ஆஃப்ரா டார்த் வேடர் 3ஆவது இதழில் அறிமுகமாகிறாள். வேடரிடம் வேலை பார்க்கிறவள் உயிரோடு தப்புவாளா என்பதுதான் அந்தத் தொடரின் பாதி இழுவிசை. அவள் பெயரில் தனித் தொடர் இருப்பதை மறக்க முடியாதுதான். எப்படி என்பதையாவது காப்பாற்றி வையுங்கள்.

டார்த் வேடர் மூன்றாம் தொகுதியான ஷு-டோருன் போரைச் சிலர் தேவையற்ற சுற்று என்று தாண்டுகிறார்கள். வேண்டாம். அதில் வரும் ராணி டிரியோஸ் முதன்மைத் தொடரில், 50ஆவது இதழையொட்டி, மிகப் பெரிய இடத்தைப் பிடிக்கிறாள். அவளை முன்பே அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் அது இரண்டு வேறு கதைகள்.

அதன் பிறகு முதன்மைத் தொடரை 75 வரை கொண்டுபோகலாம். இடையில் சலித்தால் 2017இன் டார்த் வேடருக்கு மாறுங்கள். 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' முடிகிற நொடியில் அது தொடங்குகிறது. அவன் சிவப்பு வாள் எப்படிச் சிவப்பானது என்பது அதன் முதல் தொகுதி. காலத்தால் முந்தையதாயினும் இரண்டாவதாகப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. 2015 தொடரில் இறுகிய கல்லாகப் பார்த்தவனை இங்கே காயம் ஆறாத நிலையில் பார்க்கும்போது கிடைக்கும் அழுத்தம், வரிசையை மாற்றினால் கிடைக்காது.

2020இன் தொடர்கள் 1980 படத்துக்கும் 1983 படத்துக்கும் நடுவிலானவை. 'வார் ஆஃப் தி பவுண்டி ஹண்டர்ஸ்' (2021) வந்ததும் நான்கு தொடர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அங்கே இதழ்கள் வெளியான தேதி வரிசையைப் பின்பற்றுங்கள், வேறு வழி தேட வேண்டாம்.

கட்டாய முன்தேவை உள்ள இரண்டு: 'கேனன்' (2015, 12 இதழ்கள்) படிக்க 'ரெபல்ஸ்' அனிமேஷன் பார்த்திருக்க வேண்டும். 'சன் ஆஃப் டதோமிர்' நான்கு இதழ்களுக்குக் குளோன் வார்ஸின் ஐந்தாம் பருவம் வரை பார்த்திருக்க வேண்டும். ஏழாம் பருவத்தின் கடைசி அத்தியாயங்களுக்கு முன் படித்துவிட வேண்டும்.

நேரமில்லாதவருக்கு 2015இன் 'ஷாட்டர்ட் எம்பயர்' போதும். 1983 படத்தின் இறுதிப் போரிலேயே தொடங்கும் நான்கு இதழ்கள்.

10. முரண்பாடு கண்ணில் பட்டால்

படம், தொடர், காமிக்ஸ் எல்லாம் சம மதிப்புடையவை என்பதுதான் 2014க்குப் பின் சொல்லப்பட்ட கொள்கை. நடைமுறையில் திரை வெல்கிறது. ஜெடைகளைக் கொல்ல ஆணை வந்தபோது சிறுவன் கேனன் தப்பியது எப்படி என்பதைக் காமிக்ஸ் ஒரு விதமாகச் சொல்கிறது. 2021இல் வந்த 'தி பேட் பேட்ச்' முதல் அத்தியாயம் வேறு விதமாகக் காட்டுகிறது. இதற்காக ஒரு மாலை முழுவதும் வாதாடியவர்களை எனக்குத் தெரியும். திரையில் வந்ததை நிகழ்ச்சியாகவும், காமிக்ஸில் வந்ததை அதே நிகழ்ச்சியின் இன்னொரு நினைவாகவும் வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

11. புத்தகத்தைக் காப்பது

இவை வழவழப்பான தாளில் அச்சானவை. ஈரம் ஏறினால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது மையோடு உரிந்து வரும். ஏற்காட்டில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் மாதங்களில் திறந்த அலமாரி ஆகாது. இரும்புப் பீரோவில், சுவரை ஒட்டாமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஈரம் குடித்து நிறைந்தது வேலை செய்யாது. பாச்சை உருண்டை போட்டால் அந்த வாடை தாளைவிட்டுப் போகாது.

சேலத்தில் பிரச்சினை வெயில். சித்திரையில் ஜன்னலோரம் வைத்த மென் அட்டைத் தொகுப்பின் முதுகுப் பசை காய்ந்து, பக்கங்கள் தனித்தனியாகக் கழன்று வரும். மென் அட்டைகளை நிற்க வைத்து அடுக்குங்கள், சாய விடாதீர்கள். ஆம்னிபஸ்ஸைப் படுக்க வையுங்கள், ஏனென்றால் நிற்க வைத்தால் உள்ளே உள்ள தாள்களின் கனம் பைண்டிங்கை இழுத்துவிடும்.

தட்டுவடை செட் தின்ற கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். துணியில் துடைத்தால் போதாது. காரச் சட்னியின் எண்ணெய் கறுப்பு அச்சில் பட்டால் விரல் ரேகையாகவே நிற்கும், வேடரின் புத்தகங்களிலோ பாதிப் பக்கம் கறுப்பு.